ஃப்ரீசரில் இருந்த புழுக்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மாமாவும் நலம். நீங்களும் நலம்தானே என்று வழக்கம்போல் எழுத இந்த முறை கை வரவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சாமான் வண்டிதான், பனி பாதையை மூடுவதற்கு முன் உங்கள் மலை முகாமிலிருந்து திரும்பும் கடைசி வண்டி. சாமான் இறக்கும்வரைதான் நிற்கும். அதனால் நின்றபடியே படியுங்கள்.

உங்கள் வண்டுப்புழுக்கள் செத்துவிட்டன. எல்லாமே.

ஆய்வகத்துக் குளிர்பெட்டி பழுதானதும் நம் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போனீர்களே, அந்த டப்பாதான். நான் வேலைக்குப் போயிருந்தபோது உங்கள் அப்பா அதைத் திறந்து பார்த்திருக்கிறார். தன் அறை ஜன்னலோர வெயிலில் வைத்து, எனக்குத் தெரியாமல் ஒரு வாரம் வளர்த்திருக்கிறார். "ஏம்மா, உசுரோட இருக்கறதப் போயி ஃப்ரீசர்ல வெப்பாங்களா?" என்று பிறகு என்னிடமே சண்டைக்கு வந்தார். அவை நெளிய நெளிய மனிதருக்கு ஒரே குஷியாம். நீங்கள் போனில் புழுக்களை விசாரித்ததும் பயந்துபோய், சூட்டோடு சூடாக டப்பாவை மறுபடி ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டார்.

குளிர் மெல்ல மெல்ல ஏறினால்தான் புழுவின் உடம்பில் உறையாமல் காக்கும் அந்தப் புரதம் ஊறும், உள்ளே பனித்துகள் உண்டானாலும் அதைப் பிடித்துக்கொண்டு வளரவிடாது, வெயில் கண்டால் புரதம் குறைந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! காதில் விழாததுபோலக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. தீக்குச்சியால் செத்த புழுக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

போனில் சொல்ல வாய் வரவில்லை; இதை எழுதலாமா என்று தவித்துப்போனேன். மறைத்தால் பேசாமல் வண்டி ஏறிவிடுவீர்கள். சொன்னால், புதிதாகப் பிடிக்கிறேன் என்று குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கிவிடுவீர்கள். ஆனால் உங்களுக்கு இரண்டு விரல் நுனி கறுத்து உணர்ச்சியே இல்லையாமே? உங்கள் கூட்டாளி தன் மனைவியிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். என்னிடம் போனில் "சூப்பரா இருக்கேன்" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது? நீங்கள் விரலை மறைத்தீர்கள். நான் புழுவை மறைக்கவில்லை.

மாமாவிடம் விரலைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. இன்று காலை, கையில் தீக்குச்சியோடு அவராகவே கேட்டார்: "அந்தப் புரதம் அவன் உடம்புல இருக்காம்மா?"

மனிதர்களுக்குக் கிடையாது என்றேன். தீக்குச்சியை டப்பாவின் மூடிமேல் வைத்தார்.

"அப்ப அவனுக்கு அங்க என்ன வேல? வண்டியேறச் சொல்லு."

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் சொல்கிறார்: டிரைவர் பக்கத்தில் உட்காருங்கள், இன்ஜின் சூடு அங்கேதான் வரும். நான் சொல்வது, கறுத்த விரல்களை அந்தச் சூட்டில் காட்டிவிடாதீர்கள், உணர்ச்சி இல்லாததால் சுட்டாலும் தெரியாது. கீழே இறங்கியதும் நேராக டாக்டரிடம் போங்கள்.

திட்டுவதை இங்கே வந்து திட்டுங்கள். மாமா வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். பத்து விரலும் முழுசாக இல்லாவிட்டால் போகிறது, அத்தான். இருக்கிற விரலோடு வந்து சேருங்கள்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி