மஞ்சள் கோடு

சென்னை,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள பானுவுக்கு,

நான் இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தறிக்குழியில் காலை விட்டு உட்காரும்போது ஒரு கம்பளித் துண்டைச் சுற்றிக்கொள் என்று போன தடவையே சொன்னேன். செய்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் என்றைக்கு என் பேச்சைக் கேட்டாய், இப்போது கேட்க!

போன் இருக்கும்போது இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. இனிமேல் என் நம்பரிலிருந்து உனக்கு அழைப்பு வந்தால் அது வெள்ள எச்சரிக்கையாக மட்டும்தான் இருக்க வேண்டும். சும்மா பேசவும் அதே நம்பரில் கூப்பிட்டு, ஒருநாள் நீ "மதிதானே, அப்புறம் பேசிக்கலாம்" என்று விட்டுவிட்டால் உன் தெருவே மாட்டிக்கொள்ளும். அதனால் நம் ஊர்க்கதை எல்லாம் இனித் தபாலில்.

ஆகஸ்ட் ஒத்திகையை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் தொண்டு நிறுவனத்தின் முன்னெச்சரிக்கைப் பிரிவுக்கே நான் பொறுப்பாளர். மூன்று ஆறுகள், நாற்பத்திரண்டு ஊர்கள். அப்படிப்பட்டவள், மைக் கட்டிய வண்டி வேண்டும் என்று சபையாரிடம் போய் சுவிசேஷக் கூட்டத்து வண்டியை இரவல் வாங்கலாமா? உபதேசியார் வழக்கமான அதே குரலில், "தாமதிக்காதீர்கள், உடனே புறப்பட்டு வாருங்கள்" என்று கூப்பிட்டதும் உன் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டார்களே! ஒருவர் மட்டும் வெளியே வந்து, "நோட்டீஸ் இருந்தா குடுங்க, அப்புறமா படிச்சிக்கறேன்" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். வண்டியும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். அந்தத் தெருவில் ஒருத்தி வாயைத் திறந்தால் எல்லோரும் வெளியே வருவார்கள் என்றால் அது நீதான்.

ஏற்பாடு இவ்வளவுதான். ஆற்றின் மேல்பக்கம் ஒரு பாலத்துத் தூணில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு போட்டிருக்கிறோம். பக்கத்து நிலத்துக்காரர் அய்யாக்கண்ணு பார்த்து எனக்குச் சொல்வார். தண்ணீர் மஞ்சளைத் தொட்டு, மழையும் விடாமல் பெய்தால் நான் உன்னைக் கூப்பிடுவேன். அங்கிருந்து உன் தெருவுக்கு வெள்ளம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். செய்வாயா?

உன்,
மதிவதனி

*

முள்ளிப்பட்டு,
11 செப்டம்பர் 2025

என் அன்பு மதிக்கு,

தபால்காரர் கடிதத்தை நீட்டியதும் என்னவோ கோர்ட்டு நோட்டீஸ் என்று வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். நீ எழுதியது என்று தெரிந்ததும் என் மாமியார் வேறு மாதிரி பயந்தார். "அந்தப் பொண்ணு உன்னை வேதத்துல சேக்கறதுக்குத்தான் இப்பிடி ஒரு உத்தியோகம் குடுக்குதா?" என்று கேட்டார். "இல்லீங்க அத்தை, ஆத்தோட போவாம இருக்கறதுக்கு" என்றேன். பாலமுருகனைக் கேட்டால், "இவ கத்தினா ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும், மெட்ராஸ்லேந்து சொல்லித் தரணுமா?" என்கிறார். புருஷன் வாயால் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வராது. அதனால் சம்மதம்.

ஆனால் நீ தறி வீட்டில் பிறக்காதவள். உனக்கு ஒன்று தெரியாது. எங்களைக் கிளப்புவது சுலபம் இல்லை. தறியில் பாவு ஏற்றியிருக்கும். நாலாயிரத்துச் சொச்சம் பட்டு இழை குழிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த நெசவாளி அதை விட்டுவிட்டு வருவான்? வெள்ளத்தில் நனைந்தால் சாயம் ஒன்றோடொன்று கலந்து எல்லாம் பாழ். காப்பாற்ற ஒரே வழி, குறுக்கே அறுத்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது. பிறகு ஒவ்வொரு இழையாகப் பிணைத்துத் திரும்பவும் சேர்க்க வேண்டும்.

தெருக்கூட்டம் போட்டு இதைப் பேசினோம். பானு குரல் கொடுத்தால் யாரும் கேள்வி கேட்காமல் பாவை அறுப்பது என்று முடிவு. பதினோரு தறி. என் வார்த்தைக்கு இத்தனை மதிப்பா என்று எனக்கே கொஞ்சம் தலை கனத்துப்போனது.

எங்கள் தெருக் கன்னியம்மாள் அக்காவை உனக்குத் தெரியும்தானே? தெருவுக்கே நூல் சுற்றிக் கொடுக்கிறவர். பக்கவாதம் வந்ததிலிருந்து நடக்க முடியவில்லை. வீடும் ஆற்றுக்கரையிலேயே கடைசி வீடு. மகன் தனசேகரன் ஆரணி ரைஸ்மில்லுக்குக் காலையிலேயே போய்விடுகிறார். அக்காவை நாற்காலியோடு தூக்க நாலு பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கம்பளித் துண்டு சுற்றவில்லை. நீ சொன்னது சரிதான்.

உன்,
பானுப்ரியா

*

முள்ளிப்பட்டு,
29 அக்டோபர் 2025

மதிக்கு,

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. அதனால் இருப்பதையே எழுதுகிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி பகல் பதினோரு மணிக்கு நீ கூப்பிட்டாய். நான் கத்தினேன். பதினோரு வீட்டிலும் பாவை அறுத்தார்கள். கார்த்திகை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் புடவை, இன்னும் ஒரு முழம்தான் பாக்கி, அதையும் அறுத்தார்கள். கன்னியம்மாள் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். "சாமி ஊர்கோலம் போற மாதிரி இருக்குதுடி" என்று அக்கா வழியெல்லாம் சிரித்துக்கினு வந்தார். மேட்டில் போய் உட்கார்ந்தோம். மழை விட்டது. வெயில் வந்தது. ஆறு கரைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் எல்லோரும் இறங்கி வந்தோம்.

யாரும் என்னைத் திட்டவில்லை, மதி. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரமாகத் தெருவே தலையைக் குனிந்து இழை பிணைத்துக்கொண்டிருக்கிறது. நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "பானு, இன்னைக்குத் துணி காயப் போடலாமா, மெட்ராஸ்ல கேட்டுச் சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இந்த வேலையை விட்டுவிட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கூப்பிடு. இன்னொரு தடவை இந்த மாதிரி ஆனால் என்னால் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பானு

*

சென்னை,
3 நவம்பர் 2025

அன்புள்ள பானு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எங்கள் அலுவலகத்தில் காலை ஜெபம் முடிந்த பிறகுதான் மழைக்கணக்குப் பேசுவோம். அன்று ஜெபத்தில் என் மனம் நிற்கவே இல்லை. குழாயடியில் நீ சிரித்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

அய்யாக்கண்ணு சொன்னது பொய் இல்லை. தண்ணீர் மஞ்சளைத் தொட்டது, மழையும் பெய்தது. பிறகு திடீரென்று விட்டுவிட்டது. வந்த தண்ணீரை வழியில் இருந்த ஏரிகள் வாங்கிக்கொண்டன. எங்கள் சட்டப்படி நான் கூப்பிட்டது சரி. ஆனால் சட்டத்தையா உன்னிடம் பேசுவது? உன்னை நடுத்தெருவில் நிறுத்தியவள் நான். மன்னித்துவிடு.

இனிமேல் நன்றாக நிச்சயப்படுத்திக்கொண்டுதான் கூப்பிடுவேன். உன்னைத் திரும்பத் தலைகுனிய வைக்க மாட்டேன். இது என் வாக்கு.

உன்,
மதி

*

சென்னை,
8 டிசம்பர் 2025

பானு,

மூன்றாம் தேதி நிவாரண வண்டியோடு வந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூப்ட்டதாலதான்டி நாங்க உயிரோட இருக்கோம்" என்று அழுதாய். தெருவே கும்பிட்டது. தனசேகரன், தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதர், எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் அதைக் குடித்தேன். 

இரண்டாம் தேதி நான் உன்னைக் கூப்பிட்டது காலை எட்டு நாற்பதுக்கு. ஒன்பதரைக்குள் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. நீ அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாயா என்று தெரியவில்லை. நான் சொல்கிறேன்.

அய்யாக்கண்ணு என்னைக் கூப்பிட்டது ஏழு பத்துக்கு. "மஞ்சளைத் தாண்டிடுச்சும்மா, மழை வலுத்துகினு இருக்குது" என்றார். அப்போதே உன் நம்பரை எடுத்தேன். விரலை வைத்தேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது. நீ பதினோரு வீட்டிலும் போய் நின்று, பாவை அறுக்கச் சொல்வதும், திரும்பவும் வெயில் அடிப்பதும் தெரிந்தது. சிவப்பைத் தொடட்டும், அப்போது யாரும் உன்னைப் பேச முடியாது என்று நினைத்தேன். சிவப்பைத் தொட்டுவிட்டது என்று அவர் திரும்பக் கூப்பிடும்வரை, ஒன்றரை மணி நேரம் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன், பானு.

அந்த நேரத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். ஜெபிக்கவில்லை. மழை விடுமா என்று காத்துக்கொண்டிருந்தேன். 'ஒரே ஒரு உயிர்ச்சேதம்' என்று எங்கள் அறிக்கையில் பாராட்டாக எழுதியிருந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் நேற்று எங்கள் இயக்குநர் எழிலரசன் அய்யாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி மேசையில் வைத்தார், இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஏழு பத்துக்கே கூப்பிட்டிருந்தால் அக்காவை நாற்காலியோடு தூக்கியிருப்பீர்கள். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அது போதாது. உங்களிடமும் கேட்க வேண்டும். இதைத் தனசேகரனிடம் நானே வந்து சொல்கிறேன். அதுவரை வேண்டுமானால் நீ சொல்லாமல் இரு. சொன்னாலும் அது நியாயம்தான்.

மதிவதனி

*

முள்ளிப்பட்டு,
17 டிசம்பர் 2025

மதி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். இழை பிணைக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எனக்காகத் தாமதித்தேன் என்று எழுதிவிட்டாயே, அந்தப் பாரத்தில் பாதியை என் தலையில் வைத்துவிட்டாயே என்று உன் மேல் அவ்வளவு ஆத்திரம். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. நீ வைக்கவில்லை. உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கூப்பிடு என்று கேட்டவள் நான். உன் பயம் எனக்காக. என் பயம் என் மானத்துக்காக.

அன்று நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. நீ கூப்பிட்டதும் ஓடினேன். அக்டோபரில் ஏமாந்தவர்கள்தான், ஆனாலும் ஒருவர் பாக்கி இல்லாமல் எழுந்தார்கள். குழாயடியில் கேலி செய்தாளே, அவள்தான் முதலில் கத்தியை எடுத்துப் பாவை அறுத்தாள். அவர்கள் என்னை நம்பாமல் இல்லை, மதி. நாம் இருவரும்தான் அவர்களை நம்பவில்லை. குழந்தைகளையும் வயசானவர்களையும் முதலில் ஏற்றினோம். நாற்காலியோடு நாலு பேர் அக்கா வீட்டுக்குத் திரும்பியபோது அந்தக் கோடியில் தண்ணீர் மார்பளவு இருந்தது. பாலமுருகன் நீந்திப் பார்த்தார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ போடா, புள்ளக்குட்டிக்காரன்" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதை என்னிடமே பத்து நாள் கழித்துத்தான் சொன்னார்.

நேற்று தனசேகரன் அண்ணனிடம் நானே போனேன். உன்னை வரவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். என் அக்டோபர் கடிதத்தில் நான் எழுதியதையும் சொன்னேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துதான் கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். முடிந்தது, இனி இந்தத் தெருவில் நமக்கு இடமில்லை என்று நான் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க ரெண்டு பேரையும் நான் இப்ப மன்னிக்கறேன்னு சொன்னா பொய்யி. அது ஆவும்போது ஆவட்டும். ஆனா அந்தம்மா வேலைய வுடக் கூடாது. இந்தத் தப்ப இன்னொருத்தர் புதுசா பண்ணிக் கத்துக்கணுமா? உறுதியாத் தெரிஞ்ச பெறவு எதுக்குங்க போனு? தண்ணியே வந்து சொல்லிடுமே. சந்தேகம்னாலும் கூப்பிடச் சொல்லுங்க. பத்து வாட்டி சும்மா ஏறி எறங்கறோம்."

ரைஸ்மில்லில் சொல்லி, மழைக்காலம் மட்டும் மாலை நேர வேலைக்கு மாற்றிக்கொள்கிறாராம். காலையில் தெருவில் தூக்குவதற்கு இன்னோர் ஆள் இருக்க வேண்டும் என்றார். நான் போனை எடுக்கவில்லை என்றால் நீ கூப்பிட இரண்டாவதாக ஒரு நம்பர் வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய நம்பர் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. நான் எழுதவில்லை. பேனாவை வாங்கி அவரே எழுதினார்.

பானு