நேர்ந்தது நான், பட்டினி நீ

ஓம் சக்தி
பத்தாங் பெர்ஜுந்தாய்
22.3.1984

அன்பு மகள் கங்காவுக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் அண்ணன் சிவானந்தமும் இங்கே சுகமாகவும் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறோம். நீயும் அங்கே சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் பாதிதான் நம்புகிறேன், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நியூசிலாந்து போய்ச் சேர்ந்து நீ எழுதிய முதல் கடிதம் போட்டோவோடு போன திங்கட்கிழமை வந்தது. அப்பா லோரியை வாசலில் நிறுத்தி எஞ்சினைக்கூட அணைக்காமல் ஓடிவந்து படி படி என்றார். நான்தான் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தேன். இரவு எட்டு மணிக்கும் வெயில் அடிக்கிறது, விடிகாலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது, வெள்ளைக்காரர்கள் செருப்பே இல்லாமல் கடைக்குப் போகிறார்கள் என்று படித்ததும் அப்பா, அப்ப நாம எஸ்டேட்ல இருந்தப்பவே வெள்ளைக்காரன் மாதிரிதான் இருந்திருக்கோம் என்று சிரித்தார். பாலுக்குச் சில்லறையை வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள், யாரும் தொடுவதில்லை என்றதற்கு உன் அண்ணன், இங்க வச்சா சில்லறையோட போத்தலும் போயிடும்லா என்றான். பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் என்று நீ எழுதியதைக் கேட்டு, அப்ப கங்காவுக்குத் தெனம் கறிச்சோறுதான்னு சொல்லு என்றார். எனக்கு அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தால் படித்துத் திரும்பும்வரை கவுச்சி தொடமாட்டாய் என்று ஆத்தா கோயிலில் நேர்ந்துகொண்டது நான்தானே. சுபாங் விமான நிலையத்தில்கூட அதை ஞாபகப்படுத்தித்தான் அனுப்பினேன், நீயும் தலையாட்டிவிட்டுப் போனாய்.

என் பழக்கம் உனக்குத் தெரியும், எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும். கடிதத்தில் நீ சாப்பிட்டதாக எழுதியதை மட்டும் சின்னக் கணக்குப் புத்தகத்தில் குறித்தேன். ரொட்டி, பால், ஆப்பிள், மறுபடியும் ரொட்டி. ஆறு பக்கக் கடிதத்தில் சாப்பாட்டுக்கு நாலே வரி. விடுதியில் தினமும் ஆட்டுக்கறிதான், உருளைக்கிழங்கைக்கூட அந்தக் கொழுப்பிலேயே வாட்டுகிறார்கள் என்று ஏதோ வேடிக்கைபோல் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். ஐந்தாம் பக்கத்தில் வகுப்பில் குளிருக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன் என்கிறாய். குளிருக்குப் பல் கிட்டும், தலையா சுற்றும்? போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வாங்கும்போது இறுக்கமாக இருக்கிறது என்று நீ முனகிய அந்தப் பச்சைக் குளிர்ச்சட்டை, கொடியில் காயப்போட்டதுபோல் உன்மேல் தொங்குகிறது. அப்பா, துணி தளர்ந்திருக்கும் என்று சமாளித்தார். ஒரே மாதத்திலா தளரும்?

மறுநாளே கோயிலுக்குப் போனேன். பிள்ளை உடம்பு தாங்க ஏதாவது பரிகாரம் உண்டா என்று பூசாரி அப்பளசாமியிடம் கேட்டேன். அவர் விளக்குத் துடைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல், நேந்தது யாரு என்றார். நான்தான் என்றேன். புள்ளையக் கேட்டியா என்றார். இல்லை என்றேன். நல்லாருக்கும்மா, வாய் ஒன்னோடது, வயிறு அவளோடதா என்றார். இருபது வருடமாக அந்தக் கோயிலில் கோலம் போடுகிறவள், அன்றைக்கு அந்தக் கோலத்தையே மிதித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவரே, சொன்ன சொல்ல நீயே சுமந்துக்க, ஆத்தா ஏத்துக்குவா என்றார். உன் பெயரில் சூலத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்க்கப் பார்த்தேன், முடிச்சு விடவே இல்லை, அவ்வளவு இறுக்கியிருக்கிறேன். அவர் தந்த கத்தியின் நுனியை விட்டுத்தான் நெகிழ்த்தினேன். சூடம் ஏற்றி, அதே துணியை என் பெயரைச் சொல்லித் திரும்பக் கட்டிவிட்டு வந்தேன். ஆகவே நீ திரும்பி வரும்வரை விரதம் எனக்கு.

இதைக் கேட்ட உன் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, பெத்தது ரெண்டு பேரும்தானே, பாதிய நான் சுமக்குறேன் என்று பெரிதாகச் சொன்னார். மறுநாளே கோலசிலாங்கூருக்கு லோடு ஏற்றிப் போனவர் இருட்டிய பிறகு வந்தார். ஏன் நேரம் என்றால் டயர் பஞ்சர் என்றார். பக்கத்தில் போனேன், சட்டையெல்லாம் நண்டு வாசம். பஞ்சர நண்டுக்கறி வச்சா ஒட்டுனீங்க என்று கேட்டேன். லோரி நின்ன எடத்துல கட இருந்துச்சு, அது என் தப்பா என்கிறார். நேற்றோடு அவரை விட்டுவிட்டேன், அவர் பாதியையும் நானே பார்த்துக்கொள்கிறேன். காளியம்மா அக்கா நெத்திலிச் சம்பல் கிளறும்போது மட்டும் சன்னலைச் சாத்திக்கொள்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கங்கா, உன்னைக் கேட்காமல் உன் வயிற்றுக்கு நான் வாக்குக் கொடுத்தது தப்பு. பசிக்கிறது என்று நீ சொல்லாமல் மறைத்ததும் தப்புதான், ஆனால் அந்தப் பயத்தை உனக்கு வைத்தது நான். நீ பிடிவாதக்காரி, அம்மாவுக்காக நானும் விரதம் இருக்கிறேன் என்பாய். வேண்டாம். முடிச்சு இப்போது என் பெயரில், அதில் உனக்கு ஒரு வேலையும் இல்லை. மாட்டிறைச்சி மட்டும் தொடாதே, அது வேண்டுதல் இல்லை, நம் வழக்கம். ஆட்டுக்கறி, கோழி, மீன் எது கிடைத்தாலும் சாப்பிடு. காரம் இல்லாமல் இறங்காதுதான், வறுத்து அரைத்த குழம்புத்தூள் அனுப்ப அண்ணன் பெட்டி தேடிக்கொண்டிருக்கிறான். ஈரத் தலையோடு வெளியே போகாதே. அவர்களைப் பார்த்து நீயும் செருப்பில்லாமல் நடக்காதே, அவர்கள் கால் வேறு, உன் கால் வேறு.

ஆத்தா உன் பக்கத்திலேயே நின்று காப்பாற்றட்டும், நல்ல உடம்போடும் நல்ல படிப்போடும் நூறு வருடம் இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கிற நாள் என்ன கிழமையானாலும் உடனே எழுந்து போய் வயிறாரக் கறிச்சோறு சாப்பிடு. வெள்ளிக்கிழமையாகவே இருந்தாலும் சரி, அந்த ஒரு வெள்ளிக்கு நான் ஆத்தாவிடம் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நல்லம்மாள்