மூந்நு சொன்னால்தான் ஓடுவார்கள்

அன்புள்ள அம்மைக்கு, சென்னையிலிருந்து சத்தியதாஸின் ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி? நம்ம ஊரை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டுமென்று உதியன்குளங்கரை ஊர்வலத்தில் போய்த் தடியடிபட்ட தம்பி ஈசாக்குக்கு முதுகு ஆறியதா?

இங்கே ஒரு சின்னச் சமாச்சாரம், பயப்படாதீர்கள். வேலை முடிந்ததும் ஓட்டக் கிளப்பில் பையன்களைப் பழக்கிவந்தேன் அல்லவா? ஊரில் மலையாளப் பள்ளி டிரில் சார் எண்ணியபடி, "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்றுதான் எனக்கு வாயில் வரும். அதைக் கேட்ட கிளப் செயலாளர், "மலையாளத்தானுக்கு இங்கே என்னய்யா வேலை?" என்று எல்லார் முன்னாலும் என்னை நீக்கிவிட்டார்.

"தமிழனுண்ணு சொல்லி என் தம்பி அடிபட்டுக் கிடக்கான். நானும் தமிழனாக்கும்!" என்று கத்தினேன்.

"இதுவா தமிழ்?" என்று சிரித்தார். கன்னத்தில் அறைந்திருப்பேன், உங்களை நினைத்துக் கையை மடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை போட்டியில் அவரே "ஒன்று, இரண்டு, மூன்று" என்றார். மற்ற கிளப் பையன்கள் பறந்தார்கள். என் பையன்கள் கோட்டிலேயே நின்று, வேலிக்கு வெளியே நின்ற என் வாயைப் பார்த்தார்கள். "மூந்நு!" என்று அலறினேன். ஓடினார்கள். கடைசியாகத்தான் வந்தார்கள்.

வெயிலில் உணக்கின மரச்சீனிக் கிழங்கு கொஞ்சம் அனுப்புங்கள். நம்ம பேச்சில் நாலு வரி எழுதுங்கள்.

ஈசாக்கிடம் இதைச் சொல்லவேண்டாம். யாரோடு சேருவதற்கு அடிபட்டேன் என்று அவன் கேட்பான்.

வேலைக்கு நேரமாகிறது.
சத்தியதாஸ்