பேருந்தில் வந்தது அம்மன் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் விடுதியில் சுகம். ஆனால் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன்.

விடுமுறை முடிந்து சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பியபோது பேருந்து முழுக்கக் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டிப் போகும் கூட்டம். திடீரென்று மூச்சு முட்டியது, கை நடுங்கியது. நுரையீரல் படம் வரைந்து பாகம் குறித்தவள்தான் நான். இருந்தும் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்த இசக்கித்தாய் அத்தை என் நெற்றி நிறையத் திருநீறு பூசி, "தாயே வந்துட்டியா? எம்மவளுக்கு எப்பம் மாப்பிள்ளை அமையும், சொல்லு" என்று குறி கேட்டார். எல்லோரும் கும்பிட்டபடி இன்னும் நெருக்கினார்கள்.

காளி வேடம் கட்டியிருந்த ஓர் அண்ணாச்சிதான் அவர்களை விலக்கினார். "காளி இங்கன நிக்கேன், அங்க என்ன குறி கேக்கிய? பிள்ளை பயந்து கெடக்கு, காத்த விடுங்க" என்று அட்டைக் கிரீடத்தைக் கழற்றி விசிறினார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். திருச்செந்தூருக்கு முன்பே சரியாகிவிட்டது.

அத்தை பேச்சைக் கேட்டு, அடுத்த தசராவுக்கு நான் வேடம் கட்டுவதாக நேர்ந்துகொண்டீர்களாமே. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இது பதற்றம், மருத்துவரிடம் காட்டலாம் என்று அறிவியல் ஆசிரியை சொல்கிறார். எனக்கு நேர்ச்சை வேண்டாம், மருத்துவர் வேண்டும்.

சனிக்கிழமை நீங்களே வந்து என்னை அழைத்துப் போங்கள். தனியாகப் பேருந்து ஏறப் பயமாக இருக்கிறது. சன்னலோர இடம் எனக்கு. திருநீறு கொண்டுவர வேண்டாம். கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
அனுசியா