தங்கராசுவின் மடக்குக் கத்தி

12.6.81 வெள்ளி

காலையிலிருந்தே அனல். மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. ரேஷனில் சர்க்கரை வரவில்லை. சைக்கிள் பஞ்சர்.

தங்கராசு வீட்டுக்கு நடந்தே போய் வந்தேன். அவன் காரியம் முடிந்தபின் முதல் முறை. அவன் மனைவி செல்வி ஒரு துணிப்பொட்டலத்தை நீட்டினாள். அவனுடைய மடக்குக் கத்தி. சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டின் உருளையில் கழுத்துத் துண்டு சிக்கியபோது, இடது கையால் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை அறுக்க வலது கையால் இந்தக் கத்தியை எடுத்திருக்கிறான். பெல்ட்டை நிறுத்திவிட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கத்தி மூடியே இருந்தது. கட்டைவிரல் நகம் பிய்ந்திருந்தது.

"ஒத்தக் கையாலயே டக்குனு தெறப்பாரேண்ணா. அன்னிக்கி மட்டும் ஏன் தெறக்கல? அதே நெனப்பா இருந்துகினு இருக்கேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிவிட்டேன்.

14.6 ஞாயிறு

ஓய்வு நாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முயற்சி.

நகக்குழியில் கட்டைவிரலைக் கொடுத்துத் தள்ளினால் வழுக்குகிறது. அலகின் முதுகைத் தொடையில் அழுத்திப் பிடியை இழுத்தேன், பேண்ட் நைந்ததுதான் மிச்சம். பல்லால் கடித்தும் ஆயிற்று. இரும்பு ருசி.

தங்கராசு செய்வது வேறு. அலகை இரண்டு விரலால் கவ்விப் பிடியைக் கீழே உதறுவான். டீ நேரத்தில் எங்களுக்கு அதுதான் வேடிக்கை. நானும் உதறினேன். அசையவில்லை.

என் மனைவி பாக்கியம் பார்த்துவிட்டாள். "செத்தவங்க கத்திய வச்சுக்கிட்டு என்னங்க கூத்து இது?" அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. குழம்பில் உப்பும் இல்லை.

16.6 செவ்வாய்

பி ஷிப்ட். அதே பெல்ட். இப்போது யாரும் துண்டு கட்டுவதில்லை, தூசியைத் தின்கிறோம். உருளைச் சத்தத்துக்குள் அவன் இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு தடவை.

பாக்கெட்டுக்குள் கட்டைவிரல் தானாக நகக்குழியைத் தேடுகிறது. பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல.

18.6 வியாழன்

என் கத்தியும் அதே ரகம். வடலூர்ச் சந்தையில் சேர்ந்து வாங்கியவை. அதை உதறினேன், உடனே திறந்தது. அப்படியானால் என் கையில் குறை இல்லை. அவன் கையிலும் இருந்திருக்காது.

அவன் கத்தியைக் குறடு வைத்து இழுத்துத்தான் திறக்க முடிந்தது. கீலில் ஏதோ பழுப்பாக. துருவென்று நினைத்தேன்.

தையல்காரரிடம் பேண்ட். பால் கார்டு.

19.6 வெள்ளி

பாக்கியம் பலாப்பழம் வெட்டினாள். கத்தி, கை எல்லாம் எண்ணெய். நான் அடுத்த வேலைக்குக் கத்தியைக் கேட்டேன்.

"இருங்க, தொடச்சுத் தரேன். எண்ணெய் போடலன்னா பால் ஒட்டிக் காஞ்சுடும். அப்புறம் எந்தக் கத்தியும் உதவாது."

உள்ளே போய் அவன் கத்தியை வெளிச்சத்தில் பிடித்தேன். துரு இல்லை. காய்ந்த பலாப்பால். கீலுக்குள் மஞ்சளாக ஒரு நார்.

விபத்து நடந்த அன்று தங்கராசு டிபன் டப்பாவில் சுளை கொண்டுவந்திருந்தான். "அருவாமனை மழுங்கிப் போச்சாம். எங்கூட்டுக்காரி என் கத்திய வாங்கித்தான் வெட்னா" என்று சிரித்தான். நானும் தின்றேன். நல்ல இனிப்பு.

இதை எப்படி செல்வியிடம் சொல்வது? சொல்ல மாட்டேன். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி விட்டு, ஊசியால் சுரண்டிச் சுத்தமாக்கினேன். நாரை அடுப்பில் போட்டேன்.

21.6 ஞாயிறு

லேசான தூறல். செல்வி வீடு. கத்தியை வாங்கினாள். அவனைப் போலவே இரு விரலால் கவ்வி உதறினாள். திறந்துகொண்டது.

"துருதாம்மா. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

மூக்கருகே கொண்டுபோனாள்.

"தேங்காண்ணெ போட்டீங்களாண்ணா?"

"துரு போகட்டும்னு."

கத்தியை மடக்காமலே வைத்திருந்தாள்.

"அன்னிக்கி வூட்ல எண்ணெ தீந்துபோச்சி. அவரு ஷிப்டுக்குக் கௌம்பிக்கினு இருந்தாரு. நான் சும்மா தொடச்சிக் குடுத்துட்டேன்."