உள்ளானின் பச்சை வளையம்

அக்கா,

இன்று காலை பேத்தியின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தேடிப் பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். பொத்தான்களோடு அந்தப் பச்சை வளையமும் உருண்டு வந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் ஆறு வருடமாக அந்த டின்னைத் தொடாமல் இருந்தேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே தோட்ட லயத்து வீடுகளுக்கு வந்த ஓரகத்திகள் நாம். தோட்டம் கைமாறி, சுங்கை செம்பிலாங் கடற்கரைப் பக்கம் குடிவந்த பிறகுதான் உனக்குப் பறவைப் பித்து பிடித்தது. ஆபீஸ் கிராணி தூக்கிப்போட்ட தோட்ட வரைபடத்தின் பின்பக்கத்தில் நீ வேறொரு வரைபடம் போட்டாய். மேலே பனி நாடு, கீழே ஆஸ்திரேலியா, நடுவில் நம் சேற்றுக் கரை. புரட்டாசியில் உள்ளான் பறவைகள் வந்து இறங்கினால் சிவப்புப் புள்ளி, சித்திரையில் கிளம்பினால் நீலப் புள்ளி. எண்ணிச் சொல்வது நான், எழுதுவது நீ. உன் கண்ணைச் சர்க்கரை வியாதி மங்கச் செய்திருந்தது.

காலில் பச்சை வளையம் மாட்டிய அந்த ஒற்றை உள்ளானை முதலில் பார்த்தவளும் நான்தான். வளையத்தில் ஏணி மாதிரி ஓர் எழுத்து, கொக்கி மாதிரி ஓர் எழுத்து. மூன்று வருடம் தவறாமல் வந்தது. அதற்கென்று தனிக் கோடு இழுத்தாய். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் வந்து உன் வரைபடத்தைப் படம் எடுத்தபோது, நானும் ஒரு புள்ளி வைக்கலாமென்று பேனாவை எடுத்தேன்.

“ஏய், வைடி கீழ! ஏபிசி தெரியாதவ கைய வச்சா என் பறவ வழி தப்பிப் போயிரும் லா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நீ கட்டியிருந்த மஞ்சள் பூக் கைலி, எனக்கு நீட்டிய தேநீரில் மிதந்த எறும்பு, எதையும் நான் மறக்கவில்லை.

அடுத்த புரட்டாசியில், படகுத்துறையில் காயப்போட்ட வலையில் அந்த உள்ளான் சிக்கிச் செத்துக் கிடந்தது. ஏணி, கொக்கி. வளையத்தை வெட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு வாரம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வாரம் மாதமானது. அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வருடக் கோட்டைப் பனி நாட்டிலிருந்து இழுத்துவந்து கடலில் நிறுத்தியிருந்தாய், பறவை இறங்கினால் முடிக்கலாமென்று. ஆறாத புண்காலோடு தினமும் கரையில் நின்றாய்.

“வழியில எங்கயாச்சும் தங்கியிருக்கும். ஒன் கண்ணுக்குத் தெரியுதா, பாருடி.”

“தெரியலக்கா.”

இரண்டு பருவம் அதையே சொன்னேன். பாதத்தை வெட்டி எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், “வந்துச்சா?” என்றாய். இல்லையென்று தலையாட்டினேன். அதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது.

கருமாதி முடிந்ததும் உன் மகன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தான். “அம்மா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க, சின்னம்மா. எண்ணுனது பூரா நீங்கதானாம்.”

அதை உயிரோடிருக்கும்போது சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, அக்கா?

இன்று பொத்தான் தைத்து முடித்ததும் வரைபடத்தை விரித்தேன். நீ நிறுத்திய இடத்துக்கும் நம் கரைக்கும் நடுவில் ஒரு விரற்கடைகூட இல்லை. பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீ சொன்ன சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் செய்ததை மன்னிக்க நீ இல்லை. வளையத்தை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அது வழி தப்பவில்லை, அக்கா. நம் கரைக்குத்தான் வந்தது.