வட்டக் குழாய், சதுர வாய்

மார்ச் 14, மாலை 4.10. நான்காவது கேஸ்கெட்டும் போயிற்று.

அக்கா,

நலமா என்று கேட்கவில்லை, நலமாகத்தான் இருப்பாய். விஷயத்துக்கு வருகிறேன். நீ வெல்டு செய்து அனுப்பிய புகைக்குழாய், அந்த எக்ஸாஸ்ட் ஹெடர், எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டோடு சேரவில்லை. ஹெட்டில் புகை வெளியேறும் வாய் நான்கும் சதுரம். உன் ஹெடரின் துளை நான்கும் வட்டம். இரண்டுக்கும் நடுவில் புகை கசியாமல் வைக்கும் கேஸ்கெட் மூலைக்கு மூலை நெருப்புக்கு நேராக நின்று கருகுகிறது. சீலண்ட் பசையை அப்பிப் பார்த்தேன். ஆறியிருக்கும்போது கல் மாதிரி இருக்கிறது. எஞ்சின் சூடேறியதும் துப்பிவிடுகிறது. எஞ்சினைக் கொடுத்த வேன்காரர் தினமும் வந்து, "என்ன தம்பி, வண்டி ஓடுதா, இருமுதா?" என்கிறார்.

நம் பட்டறையை விட்டுப் போகும்போது நீ சொன்னது நினைவிருக்கிறது. இந்த ஒரு வேலையிலாவது உன் வெல்டிங்கில் நான் கை வைக்காமல் இருந்தால், திரும்பி வருவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னாய். அதனால்தான் கேட்கிறேன்: உன் துளைகளைக் கிரைண்டரால் தேய்த்துச் சதுரமாக்கட்டுமா? ஆமா, இல்லையா, ஒன்று சொல். அறிவுரை வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சின்னவளுக்குப் பல் முளைத்திருக்கிறது. முதலில் கடித்தது என் வெல்டிங் கையுறையை. உன்னைப் போலத்தான், யாரையும் கேட்டுவிட்டுக் கடிப்பதில்லை.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை.

ஹெட்டின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நீ முதலில் அனுப்பிய அச்சு என் முன்னால் இருக்கிறது. நான்கும் வட்டம். அப்புறம் யார் சதுரமாக்கியது? புகை தாராளமாகப் போகட்டும் என்று கிரைண்டரை விட்டிருப்பாய். போகும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் போனது சண்டையால் இல்லையடா. நான் முடித்த வேலையை, நான் வீட்டுக்குப் போனபின் நீ திருத்துவாய். மறுநாள் நானே கண்டுபிடிக்க வேண்டும்.

குழாயைத் துளைக்குள் நுழைத்து உள்விளிம்பில் வெல்டு செய்திருக்கிறேன். துளையைத் தேய்த்தால் வெல்டும் போய்விடும். ஹெட்டையும் ஹெடரையும் அனுப்பு. இடையில் வைக்க ஒரு தடித்த தகடு செய்கிறேன்: உன் பக்கம் சதுரம், போகப்போக என் பக்கம் வட்டம். நீண்ட போல்ட் வாங்கி வை.

தேய்த்தாயானால் இனி வேலைக்காக எனக்கு எழுதாதே. தம்பியாக எப்போது வேண்டுமானாலும் வா.

அக்கா

*

மார்ச் 19, காலை 9.30. தேய்த்தது ஒன்று, தேய்க்காதது மூன்று.

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. முதல் துளையை நேற்றே சதுரமாக்கிவிட்டேன். வேன்காரர் அவசரப்படுத்தினார் என்று எழுதி அடித்துவிட்டேன். நேற்று அவர் வரவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மூலையில் வெல்டு போய்விட்டது. விளக்கைப் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறது.

அச்சு அனுப்பிய பிறகுதான் வாயைப் பெரிதாக்கினேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. ஹெட்டையும் ஹெடரையும் இன்றே லாரியில் ஏற்றுவேன். வெல்டு போன மூலையைப் பசை பூசி மறைக்கவில்லை.

2. தவறு என்னுடையது என்று வேன்காரரிடம் சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன்.

3. நீ தகடு செய்தால் போல்ட்டை மட்டும் முடுக்குவேன். செய்ய மனமில்லை என்றால் அப்படியே திருப்பி அனுப்பு. ஏன் என்று கேட்க மாட்டேன்.

4. உன் மேசையில் நான் குவித்து வைத்த சாமான்களை எடுத்துவிடுவேன். நீ வருவாய் என்பதற்காக இல்லை. அது உன் மேசை.

தம்பி